விட்ட கவளம் எங்கே போகிறது?

(இரண்டாம் ஆண்டு மாணவி, விலங்கியல் துறை)

கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் விடுதியின் உணவுக்கூடத்தில் அன்று மதியம் கோழிக் குழம்பு. மாதத்தில் இரண்டு நாள் மட்டுமே எட்டிப் பார்க்கும் விருந்து அது. வரிசையில் நின்ற நான் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சோறும் ரசமும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்தேன். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டு வறுவலை டப்பாவிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தேன். எதிரே இருந்த தோழி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏட்டி, கோழின்னா உயிரு, நெத்திலின்னா உயிரில்லையா? நீ விலங்கியல் படிக்கிறவதானே?”

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வந்த என்னைப் பார்த்து, “நீங்களும் திருநீறு பூசுவீங்களா?” என்று வியப்போடு கேட்டவளும் இவள்தான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சிறு வயது முதல் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணாதிருந்தவள் நான். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தப் பதிலைத் தேடிப் போன இடங்களில் நான் கண்டதை இம்மலரின் வாயிலாக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது மதப் பிரசாரம் அன்று. எல்லாச் சமயத்தாரும் ஏதேனும் ஒரு நாளில் வயிற்றைக் கட்டுகின்ற நாடு இது. ஆகவே எல்லார்க்கும் பொதுவான கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் பெருவிழாவுக்கு முன் கத்தோலிக்கர் நாற்பது நாள் தவம் காக்கிறார்கள். இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் உண்ணாதிருந்ததன் நினைவு அது. விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை முடிய எண்ணினால் 46 நாட்கள் வரும். இடையில் வரும் 6 ஞாயிறுகள் ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளின் நினைவு என்பதால் அன்று நோன்பு இல்லை. அவற்றைக் கழித்தால் கணக்கு 40 ஆகிறது. நெற்றியில் இடும் சாம்பலும் எங்கிருந்தோ வருவதன்று. முந்திய ஆண்டு குருத்து ஞாயிறன்று கையில் ஏந்திய ஓலைகளை எரித்து எடுப்பது அது.

இந்த நாட்களுக்கென்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘ஒருசந்தி’. நாளில் ஒரு வேளை மட்டும் வயிறார உண்பது. புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருப்பவர்களும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்பதை இக்கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். மற்றொன்று ‘சுத்தபோசனம்’. இதில் உணவின் அளவு குறைவதில்லை. இறைச்சி மட்டும் விலக்கப்படும். ஒருசந்தி உணவின் அளவைப் பற்றியது. சுத்தபோசனம் உணவின் வகையைப் பற்றியது.

இறைச்சி விலக்கு என்றால் மீன் மட்டும் எப்படித் தப்பியது? 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். நிலத்தில் வாழ்ந்து காற்றைச் சுவாசிக்கும் விலங்குகளின் ஊன் மனித உடலுக்கு நெருக்கமானது. ஆகவே அது மிகுந்த சுவையும் மிகுந்த ஊட்டமும் தருகிறது. அடக்க வேண்டியதும் அதையே என்பது அவர் கருத்தின் சாரம். இடைக்கால ஐரோப்பாவில் பாலும் வெண்ணெயும் முட்டையும்கூட இந்நாட்களில் விலக்கப்பட்டிருந்தன. இறைச்சி அங்கே விருந்தின் அடையாளம். உப்பிட்ட மீனும் காய்ந்த மீனும் எளிய உணவு. விருந்தை விட்டு எளிமைக்கு இறங்கு என்பதே சட்டத்தின் நோக்கம்.

ஆகவே இது விலங்கியல் வகைப்பாடு அன்று, அடுக்களை வகைப்பாடு. தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டில் கேப்பிபாரா என்னும் விலங்கைத் தவக்காலத்தில் உண்ணும் வழக்கம் இருக்கிறது. எலியையும் அணிலையும் போலக் கொறிக்கும் பாலூட்டி அது. நீரிலே பெரும்பொழுதைக் கழிப்பதால் அதை மீனோடு சேர்த்துவிட்டார்கள். இதைத் தேர்வில் எழுதினால் எங்கள் பேராசிரியர் சுழியம்தான் போடுவார்!

இப்போது எங்கள் கடற்கரைக்கு வருகிறேன். நான் தூத்துக்குடிப் பக்கத்து மீனவ ஊரில் பிறந்தவள். அந்த முத்துக்குளித்துறைக் கரையில் கிறிஸ்தவம் 1530களில் வேர்விட்டது. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து ஊர் ஊராக நடந்தார். அன்று முதல் தலைமுறை தலைமுறையாக நோன்பு காத்து வருகிற மக்கள் நாங்கள். என் தந்தை விசைப்படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி. என் தாய் விடியுமுன் ஏலக்கூடத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாகச் சென்று விற்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி ஆண்டுக்கு இரண்டு நாள். கிறிஸ்துமஸ் ஒன்று, ஈஸ்டர் ஒன்று. கோழி எப்போதாவது. மீன் அன்றாடம். விற்றது போக மிஞ்சிய சாளைதான் எங்கள் குழம்பு. எங்களிடம் வந்து வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாதே என்றால் என்ன பொருள்? செவ்வாயும் புதனும் வியாழனும் உண்ணாத ஒன்றை வெள்ளியும் உண்ணாமல் இருக்கிறோம். இதில் தவம் எங்கே இருக்கிறது?

மறுபக்கம் பாருங்கள். வசதியுள்ள வீடுகளில் தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, நண்டுக் குழம்பு. சட்டத்தின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. ஆனால் நோன்பு நாளில் விருந்து நடந்து முடிகிறது. ஏலக்கூடத்தில் அன்று விலை ஏறுவதைப் பார்த்து என் தாய் சொல்வதுண்டு: “சாமி நாளுல வஞ்சிரத்துக்குத்தான் யோகம்.” எங்கோ ஒரு குளிர்நாட்டில் எளிமையைக் கற்பிக்க எழுந்த சட்டம் எங்கள் கரையில் தலைகீழாக நிற்கிறது.

சட்டம் எப்போதும் ஒரே நிலையில் நின்றதும் இல்லை. தொடக்க காலத்தில் மாலை வரை ஒன்றும் உண்ணாதிருந்தார்கள். இடைக்காலத்தில் அந்த ஒரு வேளை உணவு மெல்ல மெல்ல நண்பகலுக்கு நகர்ந்தது. பிறகு மாலையில் ஒரு சிற்றுணவு சேர்ந்தது. 1917இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஞாயிறு நீங்கலாகத் தவக்காலம் முழுவதும் ஒருசந்தி; விபூதிப் புதனும் வெள்ளியும் சனியும் ஒருசந்தியோடு சுத்தபோசனம். 21 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடுபவர் வரை ஒருசந்திக்குக் கட்டுப்பட்டவர்கள். 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் இதைப் பெரிதும் தளர்த்தினார். விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள் மட்டுமே கட்டாய ஒருசந்தி என்றானது. 1983இல் வந்த இன்றைய சட்டத் தொகுப்பும் அதையே வைத்துக்கொண்டு, ஒருசந்தி தொடங்கும் வயதை 18 ஆக்கியது. எனக்கு இப்போது வயது 20. பழைய சட்டப்படி எனக்கு இன்னும் நோன்புக் கடமை தொடங்கவில்லை. புதிய சட்டப்படி தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன!

நற்கருணை வாங்குவதற்கும் அன்று கடுமையான விதி இருந்தது. முந்திய நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. தண்ணீர் அருந்தலாம் என்ற அனுமதி 1953இல்தான் வந்தது. 1957இல் உணவுக்கு மூன்று மணி நேர இடைவெளி போதும் என்றும், 1964இல் ஒரு மணி நேரம் போதும் என்றும் ஆயிற்று. என் ஆச்சி இன்றும் தன் தாயைப் பற்றிச் சொல்வார்: பூசைக்குப் போகுமுன் வாய் கொப்பளிக்கும்போது ஒரு துளி உள்ளே போய்விடுமோ என்று அஞ்சி, ஈரத் துணியால் பல்லைத் துடைத்துக்கொண்டு போவாராம்.

இதையெல்லாம் படித்தபோது, சட்டம் தளர்ந்தது நல்லது என்றே முதலில் எண்ணினேன். காரணம், என் தாய். அவருக்கு ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் மாத்திரை. ஆயினும் தவக்காலம் முழுவதும் பழைய முறையிலேயே ஒருசந்தி பிடிப்பவர். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, ஐஸ் போட்ட மீனைத் தலையில் சுமந்து, மதியம் வரை வெறும் வயிற்றோடு நடப்பார். உணவில்லாத உடல் முதலில் கல்லீரலில் சேர்த்து வைத்த கிளைகோஜனைச் சர்க்கரையாக மாற்றிச் செலவிடுகிறது என்று எங்கள் பாடத்தில் வருகிறது. நல்ல உடம்புக்கு அது சரி. மாத்திரை உண்ணும் சர்க்கரை நோயாளியின் உடம்பில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். பாடத்தில் படித்த அந்த வரி எனக்கு என் தாயின் முகமாகத் தெரிந்தது.

நோயாளிகளுக்குத் திருச்சபை ஒருபோதும் ஒருசந்தியைக் கட்டாயமாக்கியதில்லை. கடும் உடலுழைப்புச் செய்வோருக்கும் பழைய காலம் முதலே விலக்கு உண்டு. உழைப்பவன் பசி என்பது ஐரோப்பிய வரலாற்றையே அசைத்த கேள்விதான். 1522ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சூரிச் நகரத்து அச்சக உரிமையாளர் ஃப்ரோஷவர் வீட்டில் தொழிலாளரும் நண்பர்களும் இறைச்சித் துண்டுகளை உண்டார்கள். நகர மன்றம் விசாரித்தது. இரவும் பகலும் அச்சு வேலை இருக்கிறது, கூழை மட்டும் குடித்துவிட்டு அதைச் செய்ய முடியாது என்று அவர் வாதாடினார். உடனிருந்த பாதிரியார் சுவிங்லி தாம் உண்ணாவிட்டாலும் உண்டவர்களுக்காகப் பேசினார். சுவிட்சர்லாந்தின் சமயச் சீர்திருத்தத்துக்கு அது ஒரு தொடக்கமாயிற்று. அந்தச் சீர்திருத்தத்தை எங்கள் சபை ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தொழிலாளரின் பசி உண்மையானது என்பதை யார் மறுக்க முடியும்?

இவ்வளவு ஆயுதங்களோடும் நான் சென்ற தவக்கால விடுமுறை நாளில் ஊருக்குப் போனேன். அடுப்படியில் அமர்ந்து என் தாயிடம் வாதிட்டேன்.

“ஒனக்கு விலக்கு உண்டும்மா. சீக்காளிக்கு ஒருசந்தி கிடையாதுன்னு சட்டத்துலயே இருக்கு. சுமை தூக்குறவங்களுக்கும் கிடையாது. ஒனக்கு ரெண்டு விலக்கு.”

என் தாய் அரிசி களைந்துகொண்டிருந்தார். களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளிப் பக்கத்துப் பானையில் போட்டார். எங்கள் பக்கத்தில் அதற்குப் பிடியரிசி என்று பெயர். உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து வைப்பார்கள். தவக்காலத்தில், தான் உண்ணாத வேளைகளின் அரிசியையும் என் தாய் அதில் சேர்ப்பார்.

“சட்டம் என்னைத் திங்கச் சொல்லுது. சரி. நான் திங்காத பிடியை நம்பி இந்தப் பானை இருக்கே, அதுக்கு ஒஞ் சட்டத்துல என்ன சொல்லியிருக்கு?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. “அந்தப் பானை யாருக்கு? கோயிலுக்குத்தானே? கோயிலுக்கு ஒன் ஒரு பிடி இல்லாம முடியாதா?” என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நீ பன்னெண்டாங் கிளாஸ் பரீட்சை எழுதினியே, அந்த வருசம் நாம தின்ன அரிசி எங்கேயிருந்து வந்துச்சுன்னு நெனைச்ச?”

அந்த ஆண்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் தந்தையின் கால் படகில் வின்ச்சுக் கயிற்றில் சிக்கி முறிந்திருந்தது. மூன்று மாதம் கட்டிலில் கிடந்தார். என் தாய் அவரோடு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்ததால் மீன் விற்பனையும் நின்றது. அப்போது தவக்காலம். எனக்குப் பொதுத் தேர்வு. நாள்தோறும் சோறு வந்தது. ஆனால் அந்தச் சோற்றில் சில பருக்கைகள் குழைந்திருக்கும். சில வேகாமல் விறைத்திருக்கும். “என்னம்மா சோறு இது, ஒழுங்கா ஆக்கக்கூடாதா?” என்று தட்டை ஒதுக்கி வைத்தது உண்டு. ரேஷனில் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார் என் தாய். நான் நம்பினேன்.

அது ரேஷன் அரிசி இல்லை. எங்கள் தெருவின் பன்னிரண்டு வீட்டுப் பானைகளின் அரிசி. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் ரேஷன். எல்லாம் கலந்ததால் ஒன்றுபோல் வேகவில்லை. பன்னிரண்டு பெண்கள் உண்ணாமல் விட்ட கவளங்களைத் தின்றுகொண்டு, சோறு சரியில்லை என்று நான் முகம் சுளித்திருக்கிறேன். அந்தச் சோற்றின் பலத்தில் எழுதிய தேர்வின் மதிப்பெண்ணால்தான் இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற பெருமை எனக்கு. அதற்கு முதல் போட்டவர்களில் பாதிப் பேருக்கு நான் என்ன படிக்கிறேன் என்பதே தெரியாது.

நண்பர்களே, அன்றுதான் தோழியின் கேள்வியை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்று உணர்ந்தேன். கோழியா மீனா என்பதிலேயே நின்றுவிட்டேன். தட்டிலிருந்து எதை விட்டாய் என்று சட்டம் கேட்கிறது. விட்டது யார் தட்டுக்குப் போயிற்று என்று என் தாயின் பானை கேட்கிறது. இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத நோன்பு வெறும் உணவு மாற்றம் என்பது என் தாழ்மையான கருத்து.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. 5ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் திருத்தந்தையாக இருந்த பெரிய லியோ, நோன்பாளி குறைத்துக்கொண்ட உணவு ஏழையின் பசியாற்ற வேண்டும் என்று தம் மறையுரைகளில் வற்புறுத்தியிருக்கிறார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னே, எசாயா இறைவாக்கினர் நூலின் 58ஆம் அதிகாரம், தலையைக் குனிந்து சாக்குடுத்திச் சாம்பலில் கிடப்பதைவிடப் பசித்தவனோடு உணவைப் பகிர்வதே கடவுள் விரும்பும் நோன்பு என்ற கருத்தை முழங்குகிறது. சட்டத்தைத் தளர்த்திய 1966ஆம் ஆண்டு ஆவணத்திலும் இது இருக்கிறது. வளம் மிகுந்த நாடுகளில் தன்னடக்கமும், வறுமையில் வாடும் நாடுகளில் துன்பத்தை இறைவேண்டலாக ஒப்புக்கொடுப்பதோடு சமூக நீதிக்கான உழைப்பும் தவமாக விளங்க வேண்டும் என்று அது பிரித்துச் சொல்கிறது. உண்ணாதிருக்கும் நாட்களைக் குறைத்துவிட்டு, செபத்தையும் அறச்செயலையும் நம் பொறுப்பில் விட்டது அந்த ஆவணம். நாமோ குறைத்ததை மட்டும் ஏற்றுக்கொண்டோம், கொடுத்ததை மறந்துவிட்டோம். ஆச்சியின் காலத்து நாற்பது நாளும் போயிற்று. அதற்கு ஈடாகச் செய்ய வேண்டியதும் போயிற்று. மிஞ்சி நிற்பது வெள்ளிக்கிழமை வஞ்சிரம்!

பசியும் நோன்பும் ஒன்றன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. விலங்கியல் மாணவி என்ற முறையில் அதை நான் வரவேற்கிறேன். கடலுக்கும் ஒரு தவக்காலம் வேண்டும். ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஊரின் பல அடுப்புகளில் ஒரு வேளைதான் புகை வரும். அதை ஒருசந்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உண்ண இருந்தும் உண்ணாதிருப்பதே நோன்பு. உண்ண இல்லாமல் உண்ணாதிருப்பது பட்டினி. முன்னது புண்ணியம் என்றால், பின்னதைக் கண்டும் சும்மா இருப்பது பாவம். இருப்பவன் நோற்றால்தான் இல்லாதவனின் பட்டினி குறையும்.

வீட்டுக்குள்ளும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் நாற்பது நாளும் ஒருசந்தி பிடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. நோன்பிருக்கும் தாய் சமைக்கிறார். மகனும் கணவனும் மூன்று வேளையும் உண்கிறார்கள். கடலில் உழைப்பவனுக்கு உணவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கரையில் சீட்டாடும் என் அண்ணனுக்கு என்ன விலக்கு? குடும்பத்தின் தவத்தையெல்லாம் ஒருத்தியின் வயிற்றில் ஏற்றி வைத்துவிட்டு, குடும்பமே ஈஸ்டர் விருந்துக்கு உட்காருவது எந்த நியாயம்?

மற்றச் சமயங்களிலும் இந்தப் பானையை நான் காண்கிறேன். ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வருகிறவர்க்கெல்லாம் கிடைக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்கு ஃபித்ரா கொடுத்தாக வேண்டும் என்பது அவர்கள் கடமை. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் விரதம் இருப்பவர்கள் ஊருக்கே கூழ் ஊற்றுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் பெரிய வெள்ளியன்று கஞ்சி காய்ச்சி எல்லார்க்கும் வழங்குவார்கள். சட்டி வேறு, நெருப்பு ஒன்று.

வள்ளுவப் பெருந்தகை அறத்துப்பாலில் அதிகாரங்களை வைத்திருக்கும் முறையும் என்னைச் சிந்திக்க வைத்தது. 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். 27ஆம் அதிகாரம் தவம். அதற்கு அடுத்த 28ஆம் அதிகாரம் என்ன தெரியுமா? கூடாவொழுக்கம்! தவத்தின் வேடத்தில் நடக்கும் பொய்யைப் பற்றியது. தவத்துக்கு மிக அருகிலேயே அந்தப் பொய் குடியிருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

“எல்லாம் சரி, இனி என்ன செய்யப் போகிறாய்?” என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

என் தாயோடு அன்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். அவர் மாத்திரையோடு வேளை தவறாமல் உண்பது. அவருக்குப் பதிலாக ஒருசந்தியை நானும் அண்ணனும் பங்கிட்டுக்கொள்வது. பானை மட்டும் நிற்கக்கூடாது. என் தாய் எளிதில் இசையவில்லை. “என் நோன்பை நீங்க எப்படிப் பிடிப்பீங்க?” என்று கேட்டார். “ஒன் சோத்தை நாங்க தின்னோமே, அப்படித்தான்” என்றேன். சிரித்துவிட்டார். அண்ணன் முதல் வாரம் முணுமுணுத்தான். இரண்டாம் வாரம், பானையில் தன் பங்கு சரியாக விழுந்ததா என்று தானே எட்டிப் பார்த்தான்.

விடுதிக்குத் திரும்பியதும் தோழியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அதிகம் பேசவில்லை. மறுநாள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அறையின் சன்னலில் வைத்தாள். மாலையில் நாங்கள் வெளியே போய்க் குடிக்கும் டீயும் தின்னும் வடையும் சேர்த்து ஒருவருக்கு 20 ரூபாய் ஆகும். அதை விட்டுவிட்டு, அந்தக் காசை டப்பாவில் போடுவது என்று முடிவாயிற்று. தவக்காலத்தில் எஞ்சியிருந்தது 20 நாள். நாங்கள் எட்டுப் பேர். மூன்று சமயத்துப் பெண்கள். கணக்குப் போட்டால் 3,200 ரூபாய் வர வேண்டும். இடையில் சிலர் ஆசைக்குத் தோற்றதால் 2,760 ரூபாய்தான் சேர்ந்தது! அந்தப் பணம் எங்கள் வகுப்பில் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் இருந்த ஒருத்திக்குப் போயிற்று. யார் கொடுத்தார்கள் என்று அவளுக்கும், அவள் யார் என்று இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை.

நம் விடுதியில் இதை எல்லாருமே செய்யலாம். சஷ்டி, ஏகாதசி, ரமலான், தவக்காலம் என்று ஆண்டு முழுவதும் யாரோ ஒருவர் ஒரு வேளை உணவை விடுகிறோம். விடுகிறவர்கள் முந்திய இரவே சமையற்காரரிடம் சொல்லிவிட்டால், அந்த வேளை அரிசி உலைக்குப் போகாமல் மிஞ்சும். இப்போது அது சமைக்கப்பட்டு, மீந்து, பின்கட்டுத் தொட்டியில் கொட்டப்படுகிறது. கடவுளுக்காக நாம் விட்ட சோறு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பானையும், பொறுப்பேற்க இரண்டு மாணவிகளும் இருந்தால் போதும். விடுதி நிர்வாகம் இதை எண்ணிப் பார்க்க வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

என் தோழிக்கு இனி நான் சொல்லும் பதில் இதுதான். விலங்கியல்படி நீ சொன்னதே சரி. கோழியும் உயிர், நெத்திலியும் உயிர். வெள்ளிக்கிழமை இறைச்சியை விடும் வழக்கத்தை நான் விடப்போவதில்லை. அது என் ஆச்சியும் அவர் தாயும் காத்துத் தந்தது. ஆனால் அதோடு என் கடமை தீர்ந்தது என்று இனி எண்ண மாட்டேன். நான் விட்ட கவளம் ஒரு பானையில் போய் விழுந்த பிறகே அன்றைய நோன்பு நிறைவேறியது என்று கொள்வேன்.

அடுத்த விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வருவேன். சன்னலில் அந்த டப்பா இருக்கும். விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்.